ஓடை நீரில் வெயிலும் நிழலும்: மலேரியா கொசுப்புழு வளரும் இடத்தை அறிவோம்

மலேரியாவுக்குச் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் ஊர் ஓடைக்கரை முழுவதும் புதர் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டிவிட்டால் கொசு ஒழிந்துவிடுமா, டாக்டர்?" இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஓடையின் மேல் விழும் வெயிலும் நிழலும் அந்நீரில் எவ்வகைச் சிற்றுயிர் வாழும், எவ்வளவு விரைவில் வளரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் புழுவும் அச்சிற்றுயிர்களுள் ஒன்று. சில வகை அனோபிலிஸ் கொசுக்கள் வெயிலை நாடுகின்றன. வேறு சில நிழலை நாடுகின்றன. எனவே புதரை வெட்டுவது ஓரிடத்தில் நன்மையாகவும் வேறோரிடத்தில் தீமையாகவும் முடியக்கூடும்.

சுருக்கமாக

- தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் மலேரியாவைப் பரப்பும் முக்கியக் கொசு, வெயில் படும் தெளிந்த, தேங்கிய நீரில் வளர்கிறது.
- ஓடும் நீரின் நடுப்பகுதியில் கொசுப்புழு தங்குவதில்லை. கரையோரக் குட்டைகளும் வறண்ட ஆற்றுப் படுகைக் குழிகளுமே கவனத்திற்குரியவை.
- ஓடைக்கரை மரங்களையும் புதர்களையும் சுகாதாரத் துறையின் ஆலோசனை இன்றி வெட்ட வேண்டாம்.
- கொசு பிறக்கும்போது அதனுள் மலேரியா கிருமி இருப்பதில்லை. கிருமியுள்ள மனிதரைக் கடித்த பின்னரே அது நோயைப் பரப்புகிறது. ஆகவே நோயாளி மாத்திரைகளை முழுமையாக உட்கொள்வது ஊரையும் காக்கும்.

ஓடை நீரில் யார் யார் வாழ்கிறார்கள்?

ஓடையில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் அதன் அடியில் பல சிற்றுயிர்களைக் காணலாம். தும்பியின் இளம்பருவப் பூச்சிகள், நீர்வண்டுகள், நத்தைகள், மணலையும் இலைத்துண்டுகளையும் ஒட்டிச் சிறு கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள் எனப் பலவும் அங்கு வாழ்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. தும்பியின் இளம்பருவப் பூச்சிகளும் நீர்வண்டுகள் பலவும் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்று நமக்கு நன்மை செய்கின்றன.

அனோபிலிஸ் கொசுப்புழுவை அடையாளம் காண்பது எளிது. சாக்கடைகளில் காணப்படும் கியூலெக்ஸ் கொசுவின் புழு, வாலிலுள்ள மூச்சுக் குழலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் புழுவுக்கு அத்தகைய நீண்ட குழல் இல்லை. அது நீர்மட்டத்தை ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். மேற்பரப்பில் மிதக்கும் நுண்பாசிகளையும் நுண்ணுயிர்களையும் வடித்துண்ணும். நீரின் மேற்பரப்பிலேயே வாழ்வதால், அங்கு விழும் வெயிலும் நிழலும் அதனை நேரடியாகப் பாதிக்கின்றன. நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் அது நிலைத்திருக்க இயலாது, அடித்துச் செல்லப்படும்.

வெயில் என்ன செய்கிறது?

முதலாவதாக, வெயில் நீரைச் சூடாக்குகிறது. முட்டையிலிருந்து புழு, கூட்டுப்புழு ஆகிய பருவங்களைக் கடந்து பறக்கும் கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 14 நாட்கள் ஆகின்றன. நீர் இளஞ்சூடாக இருந்தால் இந்தக் காலம் குறையும்; குளிர்ந்திருந்தால் நீளும். ஆனால் வெப்பத்திற்கும் எல்லை உண்டு. ஆழமற்ற குழி நீர் நண்பகலில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிக் கொதித்தால் பல வகைப் புழுக்கள் மடிகின்றன.

இரண்டாவதாக, வெயில் பாசியை வளர்க்கிறது. நுண்பாசிகள் புழுக்களுக்கு உணவாகின்றன. நூல் போலப் படரும் பச்சைப்பாசி, மீன்களின் கண்ணிலிருந்து புழுக்களை மறைக்கும் திரையாகவும் அமைகிறது.

மூன்றாவதாக, வெயில் கரையோரப் புல்லை வளர்க்கிறது. நீரில் சாய்ந்து கிடக்கும் புல் நீரோட்டத்தைத் தடுத்து, அசைவற்ற சிறு மூலைகளை உண்டாக்குகிறது. ஓடும் நீரின் ஓரத்திலேயே கொசுப்புழுவுக்கு இவ்வாறு ஒரு தங்குமிடம் கிடைத்துவிடுகிறது.

நிழல் என்ன செய்கிறது?

அடர்ந்த மரநிழலில் ஓடும் நீர் குளிர்ந்திருக்கும். பாசி குறைவாக வளரும். அங்கு வாழும் சிற்றுயிர்கள் பெரும்பாலும் மேலிருந்து விழும் இலைச்சருகுகளை நம்பி வாழ்கின்றன. சருகைக் கொறித்துண்ணும் பூச்சிகளும், அவற்றை உண்ணும் மீன்களும் தும்பியின் இளம்பருவப் பூச்சிகளும் அங்கு ஒரு தொடராக அமைகின்றன. மரத்தை வெட்டியவுடன் இத்தொடர் மாறிவிடுகிறது. சருகை உண்பவை குறைந்து, பாசியை உண்பவை பெருகுகின்றன.

நிழல் என்றால் கொசுப்புழுவே இராது என்று எண்ணிவிடவும் கூடாது. வடகிழக்கு மாநிலங்களின் காடுகளில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் டைரஸ் வகைக் கொசு, மரநிழலில் தேங்கும் சிறு குட்டைகளிலும் விலங்குகளின் காலடிக் குழிகளிலும் முட்டையிடுகிறது. அவ்வகைக்கு நிழலே உகந்தது.

எந்தக் கொசு, எந்த நீரில்?

- அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ்: இந்திய ஊரகப் பகுதிகளில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான கொசு. வெயில் படும் தெளிந்த நீரை நாடும். ஆற்றுப் படுகைக் குட்டைகள், பாறைக் குழிகள், மணலில் தோண்டிய ஊற்றுகள், வாய்க்கால்கள், இளம் நெல் வயல்கள் ஆகியவற்றில் வளரும். தென்பெண்ணை ஆற்றங்கரைக் கிராமங்களில் மலேரியாவுக்குக் காரணமாக அறியப்பட்டதும் இவ்வகையே.
- அனோபிலிஸ் ஃபுளுவியாட்டிலிஸ்: மலையடிவாரங்களில் மெதுவாக ஓடும் தெளிந்த ஓடைகளின் புல் படர்ந்த ஓரங்களில் வளரும். முற்காலத்தில் வயநாட்டு மலைச்சரிவுகளில் மலேரியாவைப் பரப்பியது இதுவே.
- அனோபிலிஸ் ஸ்டீஃபென்சி: நகரத்துக் கொசு. கிணறுகள், மூடியற்ற மேல்நிலைத் தொட்டிகள், தரைமட்டத் தொட்டிகள் ஆகியவற்றில் வளரும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. ஓடையைப் பற்றிய இவ்விளக்கம் இதற்குப் பொருந்தாது. நகரத்தில் வசிப்போர் தொட்டிகளையும் கிணறுகளையும் மூடி வைப்பதிலேயே கருத்தூன்ற வேண்டும்.

மூன்று இடங்கள் கற்பித்த பாடம்

*மலாயா.* 1901-ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் மாவட்டத்தில் அரசு மருத்துவராகப் பொறுப்பேற்றவர் மால்கம் வாட்சன். கடலோரச் சமவெளியில் சதுப்பு நீரை வடித்துக் காட்டை அகற்றியபோது அங்கு மலேரியா வெகுவாகக் குறைந்தது. ஏனெனில் அங்கு நோயைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. அதே முறையை மலைப்பாங்கான நிலத்தில் கையாண்டபோது விளைவு நேர்மாறாயிற்று. ரப்பர் பயிரிடக் காட்டை அழித்ததும் பள்ளத்தாக்கு ஓடைகளின் மேல் வெயில் விழுந்தது. வெயில்பட்ட தெளிந்த ஓடைகளை விரும்பும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு அங்கு பெருகியது. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குச் சென்ற குடும்பங்களும் அந்நோய்க்குப் பெரும் எண்ணிக்கையில் பலியாயின. பின்னர் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், நீரின் மேல் எண்ணெய் தெளித்தும் நோய் கட்டுப்படுத்தப்பட்டது.

*அசாம்.* 1930-களில் அசாமின் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு எதிரான வழி பின்பற்றப்பட்டது. அங்கு நோயைப் பரப்பிய அனோபிலிஸ் மினிமஸ், ஓடைக்கரைப் புல்லின் இடையே வளர்வது. கரைகளில் அடர்ந்த புதர்ச்செடிகளை நட்டு ஓடையை முற்றிலும் நிழலால் மூடினர். வெளிச்சம் இல்லாமல் கரைப்புல் அழிந்தது. புழுக்களின் தங்குமிடமும் அதனுடன் மறைந்தது.

*இலங்கை.* 1934-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகப் பெருகியோடும் ஆறுகள் வற்றி, மணலிலும் பாறையிலும் ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. வெயில் பட்ட அந்தத் தெளிந்த குட்டைகளில் குலிசிஃபேசிஸ் கொசு பெருகியது. 1934-35 ஆண்டுகளில் பரவிய அக்கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் உயிரிழந்ததாகக் கணிக்கப்படுகிறது. அதே இலங்கை பல்லாண்டு முயற்சிக்குப் பின் 2016-ஆம் ஆண்டு மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

எந்தக் கொசு என்று அறியாமல் காட்டை வெட்டுவதும் புதரை வளர்ப்பதும் பயன் தராது என்பதை மலாயாவும் அசாமும் காட்டுகின்றன. மழைக்காலத்தில் மட்டுமே மலேரியா வரும் என்ற எண்ணம் தவறு என்பதை இலங்கை காட்டுகிறது. ஆறு வற்றும் காலமும் அபாயகரமானதே.

உங்கள் ஊரில் நீங்கள் செய்யக்கூடியவை

கொசு வளர குறைந்தது ஒரு வாரம் தேவை. ஆகவே வாரம் ஒரு முறை கவனித்தாலே பெரும்பாலான புழுக்கள் கொசுவாவதைத் தடுக்கலாம்.

- வீட்டிற்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் அருகில் வெயில் படும் சிறு குட்டைகள், மணல் அள்ளிய குழிகள், மாட்டுக் குளம்படிக் குழிகள் இருந்தால் மண்ணிட்டு நிரப்புங்கள். அல்லது ஓடும் நீருடன் இணையுமாறு வாய் வெட்டிவிடுங்கள்.
- குடிநீருக்காக ஆற்று மணலில் தோண்டிய ஊற்றைப் பயன்பாடு முடிந்ததும் மூடிவிடுங்கள்.
- வாய்க்கால் ஓரத்தில் நீரில் சாய்ந்து கிடக்கும் புல்லையும் நூல்பாசியையும் அகற்றி, நீர் தடையின்றி ஓடச் செய்யுங்கள்.
- பெரிய குட்டைகளையும் தடுப்பணைத் தேக்கங்களையும் பற்றிச் சுகாதார ஆய்வாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ தெரிவியுங்கள். புழுவின் வகையை ஆராய்ந்து தக்க நடவடிக்கை எடுப்பது துறையின் பொறுப்பு.

செய்யக்கூடாதவை

- ஓடையில் மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து ஆகியவற்றை ஊற்றாதீர்கள். அவை குடிநீரை நஞ்சாக்கும். கொசுப்புழுவை உண்ணும் மீன்களையும் தும்பிகளையும் அழித்துவிடும். சில வாரங்களில் கொசு முன்னிலும் அதிகமாகப் பெருக அது வழிவகுக்கும்.
- கம்பூசியா, கப்பி போன்ற மீன்களை இயற்கை ஓடைகளில் விடாதீர்கள். அவை நாட்டு மீன்களுக்கு ஊறு செய்யும். கிணறு, தொட்டி போன்ற மூடிய நீர்நிலைகளில் சுகாதாரத் துறையின் வழியாக மட்டுமே விடப்பட வேண்டும்.
- கொசுவை ஒழிப்பதற்கென ஓடைக்கரை மரங்களை வெட்டாதீர்கள். நிழல் விலகினால் குலிசிஃபேசிஸ் விரும்பும் வெயில் குட்டைகள் கூடக்கூடும்.

ஓடையிலிருந்து நோயாளி வரை

நோயாளிகளும் பராமரிப்போரும் இப்பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும்.

ஓடைக் குட்டையிலிருந்து எழும் கொசுவினுள் மலேரியா கிருமி கிடையாது. அக்கொசு, கிருமியுள்ள ஒருவரைக் கடித்து இரத்தம் உறிஞ்சிய பின், கிருமி அதன் உடலில் ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் வளர்கிறது. அதன் பிறகே அது கடிப்பவர்களுக்கு நோய் பரவுகிறது. கடிபட்டவருக்கு வழக்கமாக 10 முதல் 15 நாட்களில் காய்ச்சல் தொடங்குகிறது. எனவே ஓர் ஊரில் கொசு இருந்தும், இரத்தத்தில் கிருமியுள்ளவர் ஒருவரும் இல்லையெனில் மலேரியா பரவாது. ஓடையை முழுமையாக நம் கட்டுக்குள் கொண்டுவர முடியாது. சிகிச்சையை முழுமையாக முடிப்பது நம் கையில் உள்ளது.

நம் நாட்டில் பெரிதும் காணப்படும் மலேரியா கிருமிகள் இரண்டு. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்பது கல்லீரலில் உறங்கும் தன்மையுடையது. முதல் 3 நாள் மாத்திரைகளில் காய்ச்சல் தணிந்துவிடும். ஆனால் கல்லீரலில் உறங்கும் கிருமி, சில வாரங்களோ பல மாதங்களோ கழித்து மீண்டும் விழித்துக் காய்ச்சலை உண்டாக்கும். புதிதாகக் கொசு கடிக்காமலேயே இது நிகழும். இதனைத் தடுக்கவே பிரைமாகுயின் மாத்திரை 14 நாட்களுக்குத் தரப்படுகிறது. "காய்ச்சல் நின்றுவிட்டதே" என்று நான்காம் நாளே நிறுத்துவோர் பின்னர் மீண்டும் நோயுறுகின்றனர். அப்போது அவர்களைக் கடிக்கும் ஓடைக் கொசு, அவர்தம் பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் கிருமியைக் கொண்டு செல்கிறது.

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்பது மூளை, சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடியது. இதற்கு வேறு கூட்டு மருந்துகள் தரப்படுகின்றன. எந்த வகை என்பதை இரத்தப் பரிசோதனை மட்டுமே உறுதி செய்யும். ஆகவே கடையில் தாங்களாக மாத்திரை வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

பராமரிப்போர் கவனத்திற்கு

- மாத்திரைகளை வெறும் வயிற்றில் தராமல் உணவுக்குப் பின் கொடுங்கள். 14 நாட்களையும் நாட்காட்டியில் குறித்து, நாள்தோறும் அடையாளமிடுங்கள்.
- கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தரக்கூடாது. கர்ப்பம் இருக்கலாம் என்ற ஐயம் இருப்பினும் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுங்கள்.
- ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு பிரைமாகுயின் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும். மாத்திரை உட்கொள்ளும் நாட்களில் சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ கருமையாகவோ வெளியேறினால், கண் மஞ்சளானால், உதடு வெளிறினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரை அணுகுங்கள்.
- நோயாளியைப் பகலிலும் இரவிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அனோபிலிஸ் பெரும்பாலும் அந்திக்கும் விடியலுக்கும் இடையே கடிக்கும். நோயாளிக்கு வலை கட்டுவது, அவரிடமிருந்து கொசுவுக்குக் கிருமி செல்லாமல் தடுக்கும்.
- வீட்டுச் சுவரில் சுகாதாரத் துறையினர் மருந்து தெளித்த பின் வெள்ளையடிக்கவோ மெழுகவோ வேண்டாம். தொழுவத்திலும் தெளிக்க இடம் கொடுங்கள். குலிசிஃபேசிஸ் கொசு அங்கும் தங்கும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

அளவு கடந்த சோர்வு, தூக்கக் கலக்கம், பிதற்றல், வலிப்பு, இடைவிடாத வாந்தி, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*டெங்கு கொசுவும் ஓடையில் வளருமா?*
வளராது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றியுள்ள தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றில் தேங்கும் நீரில் வளர்கிறது.

*ஓடையில் குளித்தால் மலேரியா வருமா?*
வராது. மலேரியா நீரால் பரவுவதில்லை, கொசுக்கடியால் பரவுகிறது. ஓடைக்கரையில் இரவு தங்குவதும், வலையின்றி உறங்குவதுமே அபாயம்.

*வெளிமாநிலத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியுள்ளேன். என்ன செய்ய வேண்டும்?*
ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மிசோரம், திரிபுரா போன்ற மாநிலங்களின் காட்டுப்பகுதிகளில் தங்கியிருந்தால், காய்ச்சல் கண்ட அன்றே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எங்கே தங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

*முதல் பரிசோதனையில் மலேரியா இல்லை என்றார்கள், காய்ச்சல் தொடர்கிறது.*
மீண்டும் பரிசோதனை தேவை. தொடக்கத்தில் கிருமியின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒரு பரிசோதனையில் தென்படாமல் போகலாம்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலும், நடுக்கம் இன்றி வந்தாலும், 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் மலேரியா பரிசோதனையும் சிகிச்சையும் முற்றிலும் இலவசம். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். 2030-ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை ஒழிப்பது நம் நாட்டின் இலக்கு. தங்களுக்கு அளிக்கப்பட்ட மாத்திரைகளுள் ஒன்றையும் விடாமல் உட்கொள்ளும் ஒவ்வொரு நோயாளியும் அவ்விலக்கிற்குத் துணை செய்கிறார்.